ஜெயந்தினியும் எக்ஸ்-கதிர்ப் பொதியும்

வெள்ளிக்கிழமை. வீட்டு ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். நான் குசினியில் மீன் அறுத்துக்கொண்டிருந்தேன். கை முழுக்கச் செதில். தொலைபேசி அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தபோதுதான் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். எங்கள் பழைய ஆய்வுகூட உதவியாளர் மோகன். “மிஸ், ஜெயந்தினி மிஸ் மோசம் போயிட்டா. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில. நாளைக்குப் பின்னேரம் பிரேதம் எடுக்கிறாங்களாம்” என்றார். நான் “ஓம்” என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பினேன். அடுப்பில் தேங்காய்ப்பால் திரைந்துபோயிருந்தது.

அந்த ஆய்வுகூடத்தில் எங்களோடு இருந்தவர்களில் பலர் இப்போது கடல் கடந்து இருக்கிறீர்கள். சிலர் அவரை மறந்திருப்பீர்கள். அது உங்கள் குற்றமல்ல. தன்னை எல்லோரும் மறந்துவிட வேண்டும் என்றுதான் கடைசிக் காலம் முழுவதும் அவரும் நடந்துகொண்டார். தெரிந்தவர்களைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஆகவே அவர் யார், என்ன செய்தார் என்பதை நான் தொடக்கத்திலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் அவரை முதலில் கண்டது சுனாமிக்குப் பிறகு எங்கள் கல்வி நிறுவனம் மறுபடி திறந்த கிழமையில். நான் கணினிப் பிரிவில் போதனாசிரியர். மருதமுனையில் எங்கள் வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. உம்மாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. முகாமிலிருந்து பகலில் மட்டுமாவது தப்ப ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே வேலைக்கு வந்தேன். பௌதிகப் பிரிவுக்குச் செய்முறைப் போதனாசிரியராகப் புதிதாக வந்திருந்தார் ஜெயந்தினி. பாண்டிருப்புப் பெண். தகப்பனும் தம்பியும் கரைவலைத் தொழில். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இருவரும் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஜெயந்தினியும் தாயும் சொறிக்கல்முனையில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பினார்கள். தகப்பனின் உடல் கிடைத்தது. தம்பியின் உடல் கிடைக்கவில்லை.

இவற்றை அவர் எனக்குச் சொன்னது பல மாதங்கள் கழித்து. முதல் நாள் வாசலில் நின்று கேட்டது இதைத்தான்: “ராத்தா, இஞ்ச இரிக்கிற கம்பியூட்டர்ல ஒண்ட எனக்குத் தருவீங்களா? பழசெண்டாலும் காணும்.” நிறுவனத்தில் எல்லோருக்கும் நான் மிஸ். ராத்தா என்று எங்கள் முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் கூப்பிடுவோம். எங்கே பழகினீர்கள் இந்தச் சொல்லை என்று கேட்டேன். “பக்கத்து ஊர்தானே. எனக்கு அக்கா இல்ல. மிஸ்மார் நிறையப் பேர் இரிக்காங்க” என்றார். சிரிக்கவில்லை. அந்த நாட்களில் யாரும் சிரிப்பதில்லை.

கணினி கேட்டதற்குக் காரணம் ஓர் இயந்திரம். நிவாரணத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் ஆய்வுகூடத்தில் பாவித்துக் கழித்த ஒரு கருவியைப் பௌதிகப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மண்ணை அதற்குள் வைத்து எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினால், மண்ணில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய சக்தியில் ஒரு கதிரைத் திருப்பி வீசும். அதை அளந்து இரும்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று கணக்கிடலாம். எங்கள் கரையில் அதற்குத் தேவை இருந்தது. கடல் வந்து திரும்பிய வயல்களிலும் கிணறுகளிலும் சாம்பல் நிறத்தில் ஒரு சேறு படிந்திருந்தது. அதில் நஞ்சு இருக்கிறதா என்று ஊரெல்லாம் பயந்தது. ஆனால் கருவியோடு வந்த கணக்கிடும் மென்பொருள் திறக்கவில்லை. அதன் உரிமம் பழைய சொந்தக்காரரோடு முடிந்துவிட்டது. விற்ற நிறுவனத்துக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை.

ஜெயந்தினி இணையத்தில் தேடி ஒரு நிரல் நூலகத்தைக் கண்டுபிடித்தார். எக்ஸ்-கதிர் ஒரு தனிமத்தில் படும்போது எவ்வளவு அகத்துறிஞ்சப்படும், எவ்வளவு சிதறும், என்ன சக்தியில் திரும்பி வரும் என்ற கணிப்புகளையெல்லாம் சில விஞ்ஞானிகள் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருந்தார்கள். எடுத்துக்கொள்ளலாம்தான், ஓட வைப்பது வேறு வேலை. எங்கள் கணினிகள் பழையவை, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடுபவை. நூலகத்தை அதற்கேற்பத் தொகுக்க வேண்டும். முதல் முறை முயன்றபோது திரை நிறையப் பிழைச் செய்திகள் ஓடின. நான் கடைசி வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு மேலே உருட்டினார். “முதல் பிழையப் பாருங்க ராத்தா. மத்ததெல்லாம் அதுக்குப் பொறந்த புள்ளைகள்.” பிறகு அந்த அறையில் அது எங்கள் வாய்ப்பாடு போல ஆகிவிட்டது. மாணவர்களும் சொல்லித் திரிந்தார்கள்.

நூலகம் ஓடிய நாளில் அவர் ஒரு சிறிய பொலித்தீன் பையைக் கொண்டுவந்தார். தங்கள் வீடு இருந்த வளவின் மண். அதைத்தான் முதல் மாதிரியாக வைத்தார். திரையில் கல்சியம், இரும்பு, குளோரின் என்று மேடு மேடாக எழும்பின. அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன எதிர்பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. “எல்லா மண்ணும் போலதான் இரிக்கு” என்று சொல்லிவிட்டுப் பையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு பெரியநீலாவணையிலிருந்து காரைதீவு வரைக்கும் மண்ணும் கிணற்று வண்டலும் எங்களுக்கு வந்தன. ஒரு காரைதீவு வயல்காரர், “மகள், இந்தப் போகம் விதைக்கலாமா, ஏலாதா? அத மட்டும் சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டே வாரக்கணக்கில் வந்தார். ஜெயந்தினி அவருக்கு நேரே சொன்னார்: “நஞ்சு இல்ல அப்பா. உப்புத்தான். மழை கழுவ வேணும்.” முடிவுகளையெல்லாம் சேர்த்து ஓர் அறிக்கை எழுதி, கேட்க வேண்டிய அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் அனுப்பினோம். ஒன்றிலிருந்தும் பதில் வரவில்லை. பல மாதம் கழித்து ஓர் அலுவலகத்தில் வேறு வேலையாகப் போனபோது, எங்கள் அறிக்கை உறை கிழிக்கப்படாமல் அலுமாரிக்கு மேல் கிடந்ததைக் கண்டேன். ஜெயந்தினியிடம் சொன்னேன். “வயல்காரருக்குச் சொல்லிட்டமே” என்றார்.

எங்கள் கணினியில் ஓடியதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த நூலகத்தை லினக்ஸுக்கான ஒரு பொதியாக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். பொதி என்பது, ஒரு மென்பொருளையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒழுங்காகக் கட்டி, உலகப் பொதுக் களஞ்சியமொன்றில் வைப்பது. அப்படி வைத்துவிட்டால், யாரும் எங்கிருந்தும் ஒரே வரிக் கட்டளையில் அதை எடுத்து நிறுவிக்கொள்ளலாம். எங்களைப் போல மாதக்கணக்காகப் பிழைகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இதற்கெல்லாம் நமக்கு நேரம் எங்கே என்று நான் கேட்டேன். “நமக்கு மட்டும் ஓடினாக் காணாது ராத்தா. வேற எங்கயோ ஒரு ஊர்ல, நம்மளப் போல பழைய மெசினோட ஒருத்தி முழிச்சிட்டு இரிப்பா” என்றார்.

களஞ்சியத்தின் விதிகள் கடுமையானவை. ஒவ்வொரு கோப்பையும் எழுதியவர் யார், எந்த உரிமத்தில் கொடுத்தார் என்று ஒன்று விடாமல் காட்ட வேண்டும். நூலகத்தில் ஒரு தரவு அட்டவணை மட்டும் எங்கிருந்து வந்தது என்று எவருக்கும் தெரியவில்லை. எழுதியவர்களைக் கேட்டார், அவர்களுக்கும் நினைவில்லை. அப்படியே விட்டுவிடுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன். அவர் விடவில்லை. அந்த அட்டவணையை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவான அளவீடுகளிலிருந்து அதே எண்களை மறுபடி கணித்துக் கட்டினார். மின்சாரம் போகும், தொலைபேசி வழி இணையம் அறுந்து போகும், ஊரடங்கு வரும். அந்த ஓர் அட்டவணைக்கே ஒரு மாரி காலம் முழுவதும் போனது.

பொதிக்குத் தமிழிலும் ஒரு விளக்கம் எழுதலாம் என்று அறிந்தபோது அவர் முகத்தில் முதல் தடவையாக ஓர் உற்சாகத்தைக் கண்டேன். அன்றைக்கு நாங்கள் இருவரும் சண்டை பிடித்தோம். நான் பாடப்புத்தகத்தில் உள்ளபடி அகத்துறிஞ்சல் என்றே எழுத வேண்டும் என்றேன். அவர், “இந்தியாவில வாசிக்கிற புள்ளைக்கு அது என்னெண்டு விளங்கும்? உறிஞ்சல் எண்டாக் காணாதா?” என்றார். மத்தியானச் சோறு ஆறிப்போகும் வரைக்கும் விவாதித்தோம். கடைசியில் இரண்டையும் எழுதினார். அந்தக் களஞ்சியத்தில் எக்ஸ்-கதிர் பற்றித் தமிழில் இருந்த நாலு வரியும் அதுதான்.

பொதி ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் அதை அவரே நேரடியாகப் பதிவேற்ற முடியாது. ஒவ்வொரு திருத்தத்தையும் அனுபவமுள்ள வேறொருவருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். தானே பதிவேற்ற வேண்டுமானால், அவருடைய கணினிச் சாவி அவருடையதுதான் என்று களஞ்சியத்தில் ஏற்கெனவே அங்கத்தவராக உள்ள ஒருவர் நேரில் கண்டு, அடையாள அட்டையைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். சாவி என்றால் இரும்புச் சாவியல்ல. நீளமான ஓர் இரகசிய எண். அதை அடையாளம் காட்டும் எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு வரியைச் சிறு காகிதத் துண்டுகளில் அச்சடித்து, சந்திக்கிறவரிடம் கொடுப்பதுதான் வழக்கம். எங்கள் கரைக்கு அப்படி யார் வருவார்கள்? நீண்ட காலம் காத்திருந்த பிறகு, ஒரு வெளிநாட்டு அங்கத்தவர் ஒரு கூட்டத்துக்காகக் கொழும்புக்கு வருவதாக எழுதினார். சந்திக்கலாம் என்றார்.

கிழக்கில் சண்டை முடிந்துவிட்டது என்றும் வடக்கில் முடியப்போகிறது என்றும் வானொலி சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. தமிழ்ப் பெண் தனியே கொழும்புக்குப் போவது சரியில்லை என்று நானும் என் கணவரும் கூடப் போனோம். வாடகை வான் ஒன்று பிடித்து விடியற்காலையில் புறப்பட்டோம். வழியெல்லாம் அவர் நல்ல சந்தோசத்தில் இருந்தார். மஹியங்கனையில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது என் கணவரிடம், “மச்சான், திரும்பி வரக்குள்ள நான்தான் உங்களுக்குச் சாப்பாடு வாங்கித் தருவன்” என்றார். “பாப்பம் தங்கச்சி, எத்தின பேருக்கு இப்பிடிச் சொன்ன?” என்று அவர் கேலி செய்தார்.

கொழும்பை நெருங்கியபோது ஒரு சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். ஜெயந்தினியின் கைப்பையைக் கொட்டினார்கள். காகிதத் துண்டுகள் மேசை முழுவதும் பரவின. ஒவ்வொன்றிலும் அதே எழுத்து, அதே இலக்கம். பொறுப்பாக இருந்தவர் ஒன்றைக் கையில் எடுத்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். ஜெயந்தினிக்குச் சிங்களம் வராது. நான்தான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன்.

“சாவிட அடையாளம் சேர். என்ட சாவி.”

“எந்தக் கதவுக்கு?”

“கதவுக்கில்ல. கம்பியூட்டருக்கு.”

“ஒரு சாவிக்கு ஏன் இத்தனை துண்டு?”

“சந்திக்கிற ஆக்களுக்குக் குடுக்க.”

“யாரைச் சந்திக்கப் போகிறாய்?”

“வெளிநாட்டுக்காரர் ஒருத்தர். நான் அவர முன்னப் பின்னக் கண்டதில்ல.”

எல்லாம் உண்மை. நான் அவற்றைச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, அந்த மனிதரின் முகம் இறுகிக்கொண்டு வந்தது. பிறகு பையின் அடியிலிருந்து நூலகத்தின் தனிம அட்டவணையை அச்சடித்த தாள்களை எடுத்தார்கள். கடைசிப் பக்கங்களில் யுரேனியம் இருந்தது. அவர் அந்தச் சொல்லின் கீழ் விரலை வைத்து எங்களைப் பார்த்தார். இது மண் பரிசோதிக்கிற கணக்கு, சுனாமிக்குப் பிறகு எங்கள் வயல்களில், என்று நான் என்னென்னவோ சொன்னேன். அவர் எவருக்கோ தொலைபேசி எடுத்தார். ஒரு பெண் பொலிஸ் வந்து ஜெயந்தினியின் கையைப் பிடித்தார். எங்கள் இருவரின் அடையாள அட்டைகளையும் திருப்பித் தந்து, நீங்கள் போகலாம் என்றார்கள். நாங்கள் போகவில்லை. சாவடிக்கு எதிரே மரத்தடியில் நின்றோம். அவரை ஜீப்பில் ஏற்றும்போது அவர் எங்களைக் கண்டுவிட்டு உரக்கச் சொன்னார்: “ராத்தா, அந்தாளுக்கு எப்பிடியாவது சொல்லி விடுங்க. நான் வரல்ல எண்டு தெரியாமக் காத்துட்டு நிப்பார்.”

அதற்குப் பிறகு நடந்தவை உங்களில் சிலருக்குத் தெரியும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டவருக்குக் குற்றப்பத்திரம் தேவையில்லை, காலக்கெடுவும் தேவையில்லை. அந்தக் காகிதத் துண்டுகளில் உள்ளது என்ன சங்கேதம் என்று அறிய எங்கேயோ அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். அதில் ஒன்றும் இல்லை என்று யார் எழுதித் தருவார்கள்? களஞ்சியத்தில் உள்ளவர்கள் பல நாடுகளிலிருந்தும் அவருக்காகக் கடிதம் அனுப்பினார்கள். இவளுக்கு ஏன் இத்தனை வெளிநாட்டுக்காரரைத் தெரியும் என்பது அடுத்த கேள்வியாயிற்று. நிறுவனத்தில் கையொப்பம் கேட்டுப் போனேன். சிலர் போட்டார்கள். சிலர் கதவைச் சாத்திவிட்டு, “பரீதா மிஸ், உங்களுக்கும் புள்ளைகள் இரிக்கி” என்றார்கள். அவர்களை நான் கோபிக்கவில்லை.

அவருடைய அம்மாவைக் கூட்டிக்கொண்டு தடுப்பு முகாமுக்கு அவரைப் பார்க்கப் போவேன். அம்மா பாண்டிருப்பில் சுட்ட பணியாரத்தைக் கட்டிக்கொண்டு வருவார். வாசலில் அதைக் கம்பியால் குத்திக் கிளறிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஜெயந்தினி நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று அம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு தடவை ஜெயந்தினியே என்னிடம் கேட்டார், பொதி எந்த நிலையில் இருக்கிறது என்று.

உண்மையைச் சொன்னேன். ஒரு வகைக் கணினியில் நூலகம் பிழையான எண் தருகிறது என்று எவரோ ஒரு மாணவர் முறையிட்டிருந்தார். பொதியைப் பராமரிப்பவர் என்று அவர் பெயருக்கு நினைவூட்டல்கள் வந்துகொண்டேயிருந்தன. நான் முயன்று பார்த்தேன். எனக்கு நிரல் தெரியும், பௌதிகம் தெரியாது. பதில் வராததால் பொதியைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அவர் கம்பிவலையில் விரலை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “ஓம், எடுக்கத்தான் வேணும்” என்றார். “பிழையான எண்ணக் குடுக்கிறத விட ஒண்டுமில்லாம இரிக்கிறது நல்லம்.” பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, பணியாரம் நல்லாயிருந்தது என்றார்.

யுத்தம் முடிந்த அன்று கல்முனைச் சந்தியில் பட்டாசு வெடித்தது. பாற்சோறு கொடுத்தார்கள். இனி விட்டுவிடுவார்கள் என்று நம்பி அம்மா மறுநாளே பஸ் ஏறிப் போய்த் தடுப்பு வாசலில் குந்திக்கொண்டார். விடவில்லை. அதன் பிறகும் மாதக்கணக்கில் வைத்திருந்து, ஒரு நாள் காலையில் சும்மா வெளியே அனுப்பினார்கள். குற்றம் ஒன்றும் இல்லை என்று ஒரு துண்டு எழுதித் தரும்படி கேட்டோம்; அப்படித் தருகிற வழக்கமில்லை என்றார்கள்.

அந்தத் துண்டு இல்லாததால் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மாமன் வழியில் பேசி வைத்திருந்த கலியாணம், அவர் உள்ளே இருந்தபோதே வேறு வீட்டுக்குப் போய்விட்டது. ஊரில் நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர்க் குழாயடியில் அம்மா போய் நின்றால் பேச்சு நின்றுபோகும். மாதத்துக்கு ஒரு தரம் சிவில் உடையில் இருவர் வந்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் வரும் சத்தத்துக்கு அயல் வீட்டுக் கதவுகள் மூடிக்கொள்ளும். ஜெயந்தினி கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். காலை தொடக்கம் பின்னேரம் வரை பிறப்புச் சான்றிதழும் காணி உறுதிப் பத்திரமும் பிரதி எடுத்துக் கொடுத்தார்.

ஒரு தரம் என் மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டுபோனேன். நூலகத்தின் மூலக் கோப்புகளை இறக்கி வைத்திருந்தேன். மாணவர் சொன்ன வழுவை அவர் பார்த்தால் ஒரு பகலில் திருத்திவிடுவார் என்று எனக்குத் தெரியும். மேசையில் திறந்து வைத்தேன். அவர் சற்று நேரம் திரையைப் பார்த்தார். கை இரண்டும் மடியிலேயே இருந்தன. “மூடுங்க ராத்தா” என்றார். “அவங்க என்னட்ட ஒவ்வொரு வரியாக் காட்டிக் கேட்டவங்க. இது என்ன, இது என்ன எண்டு. ஒவ்வொரு வரிக்கும் விடை சொன்னன். இப்ப எனக்கு ஒரு வரியப் பாத்தாலும் அந்தக் குரல்தான் கேக்குது.” கடைக்கு ஆள் வந்தது. எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு வேறு நாட்டில் யாரோ அதே நூலகத்தைப் புதிதாகப் பொதியாக்கிக் களஞ்சியத்தில் வைத்ததைக் கண்டேன். நல்ல வேலை. அந்த வழுவும் திருத்தப்பட்டிருந்தது. எங்களுடைய பொதி இருந்ததை அவர்கள் அறிந்திருக்கவில்லை போலும். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியிருந்தார்கள். தமிழ் விளக்கம் இல்லை. ஜெயந்தினியின் பெயர் எங்கும் இல்லை. எழுதிக் கேட்டால் சேர்ப்பார்கள் என்று அவரிடம் போய்ச் சொன்னேன். “என்ட பேர் ஒரு இடத்திலயும் வேணாம் ராத்தா. இரிக்கிற இடங்கள்ல இருந்து எடுக்கிறதுக்குத்தான் வழி பாக்கன்” என்றார். எங்கள் எக்ஸ்-கதிர்க் கருவியும் அதற்குள் உப்புக்காற்றில் செத்துவிட்டது. இப்போது அது நிறுவனத்தின் பழைய சாமான் அறையில் உடைந்த மேசை கதிரைகளுக்கு அடியில் கிடக்கிறது.

சிறுநீரகம் கெட்டுப்போனது பிந்தித்தான் தெரிந்தது. தடுப்பில் பட்ட அடிதான் காரணமா, நமது தண்ணீரா, வைத்தியர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. கிழமைக்கு இரு தரம் மட்டக்களப்புக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வந்தார். கடைசியாகப் போய்ப் பார்த்தபோது தூக்கத்தில் இருந்தார். எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அம்மாவோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை பாண்டிருப்புக்குப் போனேன். சுனாமி வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சிறிய வீடு. கூட்டம் அதிகமில்லை. அயல் பெண்கள் சிலர் சுவரோரமாக இருந்தார்கள். நான் உள்ளே போனதும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, உடலுக்குப் பக்கத்தில் இருத்தினார். அழுகையை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “மகள், நீங்க கூட இருந்த ஆள். என்ட புள்ள அங்க என்ன செஞ்சதெண்டு இவங்களுக்குச் சொல்லுங்க. எனக்குச் சொல்லத் தெரியா. இத்தின வருசமா ஒருத்தருக்கும் என்னால சொல்ல ஏலாமப் போயிட்டு.”

நான் சொன்னேன். மண்ணில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஓர் இயந்திரம் வந்ததை, அதற்குக் கணக்கு இல்லாமல் இருந்ததை, உலகத்தில் எவரும் எடுத்துப் பாவிக்கும்படி அந்தக் கணக்கை அவர் ஒழுங்காகக் கட்டி வைத்ததை. நம்முடைய கிணறுகளில் நஞ்சு இல்லை என்று முதலில் சொன்னது இந்தப் பிள்ளைதான் என்றேன். என்னால் முடிந்த அளவு எளிதாகச் சொன்னேன். அவர்கள் குறுக்கிடாமல் கேட்டார்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

எதிரே இருந்த ஒரு வயதான பெண், குத்திக் காட்டும் எண்ணம் சிறிதும் இல்லாமல், விளங்கிக்கொள்ளும் ஆசையில் கேட்டார்: “அது நல்ல வேலதானே மகள். அப்ப என்னத்துக்குப் பிடிச்சவங்க?”

அம்மாவைப் பார்த்தேன். அவர் அந்தப் பெண்ணைக் கோபிக்கவில்லை. அவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு காலமும் அவருக்குத் தேவைப்பட்டதும் இந்த விடைதான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெளியே பறை தொடங்கியது. உடலைத் தூக்க ஆண்கள் உள்ளே வந்தார்கள். அம்மா எழும்பும் வரைக்கும் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இறந்தவரிடமிருந்து தாங்கள் பெற்றுக்கொண்ட நல்லதைச் சொல்லி இப்படியான எழுத்தை முடிப்பார்கள். ஜெயந்தினியின் பொறுமையை, நேர்மையை நான் பெற்றுக்கொண்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவை அவரிடம் இருந்தன, அவரோடு போய்விட்டன. என்னிடம் தங்கியிருப்பது அந்த வீட்டில் கேட்கப்பட்ட அந்த ஒரு கேள்வி. உங்களில் யாராவது அந்தத் தாயைக் காணப் போவீர்களானால், உங்களிடமும் அவர் அதற்கான விடையைத்தான் எதிர்பார்ப்பார்.